குடும்ப நிறுவனத்துக்கு ஆடிட்டரை அமர்த்தும் முன்

பங்குகள் முழுவதும் ஒரே குடும்பத்திடம் உள்ள பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் முதலாளியே நிர்வாகி என்பதால், தணிக்கைக்கு அதிகம் செலவிடத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. ஆனால் வீட்டுப் பணமும் கம்பெனிப் பணமும் ஒரே லெட்ஜரில் கலந்துவிட்டால், அந்தச் சிக்கனம் அங்கேயே கரைந்துவிடும்.

எனவே கட்டணம் பேசுவதற்கு முன், குடும்பத்தாருடனான கொடுக்கல் வாங்கலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அம்மா பெயரிலுள்ள கோடவுனுக்குத் தரும் வாடகை, தம்பியின் தனி நிறுவனத்துக்குப் போகும் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து வாங்கும் வேலை), கம்பெனிப் புத்தகத்தில் இயக்குநர் பெயரிலுள்ள நடப்புக் கணக்கில் ஏறிய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஒப்பந்தமும் வவுச்சரும் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் ஆடிட்டரின் ஆட்கள் கூடுதல் நாள் உட்காருவார்கள். அதன் கூலி உங்கள் பில்லில்தான் வரும்.

கைமாற்றாக வாங்கிய பணத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் உறவினர் என்று ஏற்பது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள், மருமக்கள், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர் ஆகியோரை மட்டுமே. இயக்குநரோ இவர்களில் ஒருவரோ பணம் தந்தால், அது கடன் வாங்கித் தந்த பணமல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மைத்துனர் நம் வழக்கில் நெருங்கிய சொந்தம்தான்; ஆனால் அவர் இயக்குநராக இல்லையென்றால், அவர் தந்த கடன் சட்டத்தின் கண்ணில், கட்டுப்பாடுகள் மிகுந்த வைப்புத்தொகையாகிவிடும் (டெபாசிட்).

ஆடிட்டரைத் தேர்வு செய்வதற்கும் இதே உறவினர் பட்டியல் பொருந்தும். இயக்குநரின் மருமகன் தணிக்கையாளராக முடியாது. மைத்துனருக்கு அந்தத் தடை இல்லாவிட்டாலும், கடன் தரும் வங்கி முகம் சுளிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு எழுதித் தருபவரையே தணிக்கைக்கும் அமர்த்துவதை அதே கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு தடுக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை என்ற மலிவான ஏற்பாடு அதனால் செல்லாது. நிர்வாகத்தில் இல்லாத பெரியப்பா மகனுக்குப் பங்கு இருந்தால், குடும்பத்துக்குப் பழக்கமில்லாத நிறுவனத்தைக் கொஞ்சம் கூடுதல் கட்டணத்துக்கேனும் அமர்த்துங்கள். நிர்வாகத்துக்கு வெளியே இருக்கும் அவர் நம்ப வேண்டியது தணிக்கை அறிக்கையைத்தான்.

நியமனம் ஐந்தாண்டு கொண்ட ஒரு தவணைக்கு. வங்கிக் கடன் 50 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், சட்டம் வகுத்த சிறு நிறுவன வரம்புக்குள் இல்லையெனில், தனிநபரை ஒரு தவணைக்கும் தணிக்கை நிறுவனத்தை இரு தவணைகளுக்கும் மேல் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாது. இடையில் நீக்குவதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை. ஆகவே குடும்பத்தின் மற்ற நிறுவனங்களின் தணிக்கை, வரித் தணிக்கை, பயணச் செலவு ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்பதைப் ஆடிட்டரை நியமிக்கும் பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூட்டம் முடிந்த 15 நாள்களுக்குள் நியமனத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ஏடிடி-1 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.