ஐந்து மணப் பொடி: அரைப்பதும் சமைப்பதும்

சீனாவில் இதை வூ ஷியாங் ஃபென் என்பார்கள். ஐந்து மணப் பொடி என்று பொருள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நமக்குப் பழக்கமானவை. ஐந்தாவதான சிச்சுவான் மிளகுதான் புதிது.

பெயரில்தான் மிளகு, இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். செம்பழுப்புத் தோல் வாய் பிளந்திருக்கும், சிலவற்றில் பளபளவென்று கறுப்பு விதை இருக்கும். விதையையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் பொடி மணல்போல நறநறக்கும். மணமும் மரமரப்பும் தோலில்தான். ஒரு தோலை நுனிநாக்கில் வைத்தால் சற்று நேரத்தில் சுருசுருவென்று மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், அதுதான் இதன் குணம்.

முதலில் பொடி. அன்னாசிப்பூ 5, மூன்று அங்குலப் பட்டை 1, சோம்பு 1 டேபிள்ஸ்பூன், சிச்சுவான் மிளகு 2 டீஸ்பூன், கிராம்பு அரை டீஸ்பூன். கிராம்பைக் கூட்டவே கூட்டாதீர்கள், மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும். பட்டையையும் பூவையும் உடைத்து, வெறும் வாணலியில் சிறு தீயில் ஒரு நிமிடம் வறுங்கள். மற்றதைச் சேர்த்து இன்னும் ஒன்றரை நிமிடம். மணம் எழுந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு அரைத்துச் சலியுங்கள்.

அடுத்து கோழி. தோலுள்ள தொடைக்கறி அரை கிலோவுக்குப் பொடி 1 டீஸ்பூன் போதும். கரம் மசாலா போல அள்ளிப் போட்டால் கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிடும். சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், தட்டிய பூண்டு நான்கு பல், கொஞ்சம் இஞ்சி சேர்த்துப் பிசறி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஊறட்டும். உப்பு வேண்டாம், சோயாவில் இருப்பதே போதும்.

சர்க்கரை சட்டென்று கருகும் என்பதால், ஊறிய சாறை வழித்துத் தனியே வையுங்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டு, தோல் அடிப்பக்கம் இருக்கும்படி மிதமான தீயில் எட்டு நிமிடம் விடுங்கள், கிளற வேண்டாம். பொன்னிறமானதும் திருப்பி, அந்தச் சாறையும் கால் கப் தண்ணீரையும் ஊற்றி, மூடிப் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். எலும்போரம் குத்திப் பார்த்தால் தெளிந்த நீர் வர வேண்டும். அப்புறம் மூடியைத் திறந்து, சாறு கறியில் பளபளப்பாக ஒட்டும்வரை சுண்டவிடுங்கள்.

மேலே வெங்காயத்தாள் தூவி, வெறும் வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுங்கள். மீந்த பொடியைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வறுத்த உப்பு நான்கு பங்குக்கு இது ஒரு பங்கு கலந்தால், பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.