சின்னப் பட்டறையில் ஒரு வாரத்தை எப்படிப் போடுவது

மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொண்டு தனியாகப் பட்டறை போடுகிற தம்பிகள் அதிகம் கேட்கிற கேள்வி, நாலு ஆர்டர் ஒரே வாரத்தில் வந்தால் எதை முதலில் எடுப்பது என்பதுதான். காயவேண்டியது எதில் அதிகமோ அதை முதலில் தொடுங்கள். மரம் காயணும், பசை காயணும், பாலிஷ் காயணும். அறுக்கிறதையும் இழைக்கிறதையும் கூட ஓர் ஆளைப் போட்டு முடித்துவிடலாம், காய்கிறதை யாராலும் முடுக்க முடியாது. இது மனதில் பதிந்துவிட்டால் மூன்று பேர் வேலை பார்க்கிற பட்டறையிலும் வாரம் ஒழுங்காக ஓடும்.

உதாரணத்துக்கு ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை ஒன்று, ஊஞ்சல் பலகை ஒன்று, பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் படிப்பு மேசை, இதற்கு நடுவில் மழைக்கு ஊதி இறுகிப்போன கதவு ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இது வழக்கமான கலவைதான்.

நிலை ஆர்டர் வந்தால் அளவு கேட்பதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். வாசக்கால் வைக்க நாள் குறித்துவிட்டால் அது நகராது. கொத்தனார் வந்து நிற்பார், சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், மஞ்சள் குங்குமம் நவதானியம் எல்லாம் தயாராக இருக்கும், அந்த நேரத்தில் நம் நிலை வண்டியில் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே நிலை சைட்டில் இருக்க வேண்டும் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மற்ற எல்லா வேலையும் இதைச் சுற்றித்தான் அமையும்.

திங்கட்கிழமை காலை மரக்கடை. மூன்று வேலைக்கும் வேண்டிய மரத்தை ஒரே நடையில் எடுத்துவிடுங்கள், வண்டி வாடகை ஒன்றோடு போகும். போவதற்கு முன்னால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: நீளம் அடியில், அகலமும் கனமும் இன்ச்சில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி நிலைக்கால் இரண்டு, நிலைக்காலைத் தாண்டி நீட்டி நிற்கிற கொம்போடு சேர்த்து நாலடியில் மேலே ஒன்று கீழே ஒன்று, ஆக 22 அடி. ஐந்துக்கு மூன்று சட்டம் என்றால் 22 × 5 × 3 = 330, அதை 144-ஆல் வகுத்தால் சுமார் 2.3 கன அடி. இதற்கு மேல் சேதாரம் தனி.

கடையில் மரத்தின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். ஓரத்து வெளிர் மரமான வெள்ளை எவ்வளவு ஓடியிருக்கிறது, நடுவிலிருக்கிற கெட்டி மரமான வைரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கேதான் தெரியும். தேக்காகவே இருந்தாலும் வெள்ளையை வண்டும் கரையானும் தின்னும், அதனால் நிலைக்கு அதை வாங்காதீர்கள். சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்ததை இழைத்து நேராக்கலாம், முறுக்கினதை நேராக்குவதற்குள் கனம் பாதி போய்விடும். ஈரம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் இருக்கப்போகிற சாமானுக்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாக அறுக்கலாம், 15-ஐத் தாண்டினால் அந்த மரத்தை மேசைக்கும் ஊஞ்சலுக்கும் எடுக்காதீர்கள். இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காற்றில் காயவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது கிட்டத்தட்டச் சரியான கணக்கு.

திங்கள் மதியமே மூன்று வேலைக்கும் சேர்த்து மொத்தமாக அறுத்துவிடுங்கள். அளவை விட அரை இன்ச் நீளமாக, இரண்டு நூல் (கால் இன்ச்) அகலமாக அறுத்து, நடுவில் ரீப்பர் என்கிற மெல்லிய கட்டைகளை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். அறுத்த மரம் ராத்திரியில் கொஞ்சம் அசையும், அசைவது அசையட்டும், காலையில் இழைக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை இழைப்பு. ஊஞ்சல் பலகையையும் மேசைப் பலகையையும் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பசை காய்கிற நேரத்தில் நிலைக்குக் கழுந்து, அதாவது மறு சட்டத்தின் துளைக்குள் இறங்குகிற நாக்கு, வெட்டலாம். ஒட்டுவதற்கு முன்னால் பசையில்லாமல் ஒரு தடவை பலகைகளைச் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடத்தை கிளாம்ப் போட்டு இறுக்கி மூடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இடம்தான் அடுத்த கோடையில் வாய் பிளக்கும். பசை தடவி கிளாம்ப் இறுக்கும்போது இணைப்பு நெடுகச் சின்னச் சின்ன முத்தாக வெளியே வந்தால் சரியான அழுத்தம். ஓர் இடத்தில் மட்டும் வரவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை, உடனே பிரித்துத் தடவுங்கள். வெளியே வந்த பசையை ஈரத்துணியால் தேய்த்தால் அது மரத்தின் ரேகைக்குள் இறங்கிப் பிற்பாடு பாலிஷில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் விட்டு, ரப்பர் மாதிரி ஆனதும் உளியால் சுரண்டி எடுப்பதுதான் சுத்தம். கிளாம்ப் ராத்திரி முழுக்க இருக்கட்டும், மறுநாள் மதியம் வரை அந்தப் பலகையில் கை வைக்காதீர்கள்.

இந்த இரண்டு பலகையிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மரம் நீளத்தில் அசையாது என்றே சொல்லலாம், அகலத்தில் அசைந்துகொண்டே இருக்கும். 20 இன்ச் அகலத் தேக்குப் பலகை கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் ஒரு நூல் அளவுக்குக் கூடிக் குறையும். அதனால் ஊஞ்சலின் அடியில் போடுகிற குறுக்குக் கட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். நடுவில் ஒரு ஸ்குரூ இறுக்கமாக, ஓரத்து ஸ்குரூக்களுக்கு நீள்வாக்கில் துளை, அவ்வளவுதான். மேசைப் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கிறதும் இதே மாதிரிதான். ஊஞ்சலில் சங்கிலி மாட்டுகிற போல்ட் அந்தக் குறுக்குக் கட்டையையும் தாண்டிக் கீழே இரும்புப் பட்டையில் இறங்க வேண்டும். வெறும் பலகையில் துளை போட்டுச் சங்கிலி மாட்டுகிறார்கள், குழந்தைகள் நாலு பேர் ஏறி ஆடுகிற சாமான் அது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

புதன்கிழமை முழுக்க நிலை. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று இன்ச்சுக்கு ஒரு இன்ச். துளையை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் பொளியுங்கள், ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கழுந்து மரக் கொட்டாப்புளியால் தட்டினால் இறங்க வேண்டும், இரும்புச் சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம், கையால் தள்ளினாலே போனால் தொளதொளப்பு. பூட்டியதும் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், மூலைமட்டம் மட்டும் போதாது. சரியாக இருக்கும்போதே குறுக்கே ஒரு ரீப்பரைச் சாய்வாக அடித்துவிடுங்கள், கொத்தனார் கட்டி முடிக்கிற வரைக்கும் அதை எடுக்கக் கூடாது என்று சொல்லியும் அனுப்புங்கள். சுவரில் படுகிற முதுகுப் பக்கத்துக்குத் தார் பூசுவதை விடாதீர்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். வியாழன் காலையில் நிலை கிளம்பிவிடும்.

அந்த இறுகின கதவை எப்போது வேண்டுமானாலும் இடையில் செருகலாம். ஆனால் மழை நாளில் போய் தாராளமாக இழைத்துவிட்டு வராதீர்கள், பங்குனியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகும். உரசுகிற இடத்தை மட்டும் லேசாக எடுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயிண்டோ பாலிஷோ இருக்காது. தண்ணீர் உள்ளே போவதே அந்த வழியாகத்தான். மழை விட்டுக் கதவு காய்ந்ததும் அந்த இரண்டு விளிம்பையும் அடைத்துக் கொடுத்தால் அடுத்த மழைக்கு அந்த வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்காது.

வியாழன் மதியம் மேசையைப் பூட்டி ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை உப்புத்தாள் வேலை, 80, 120, 180, 220 என்று வரிசையாக, ரேகையோடு. ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் 80 போட்ட கீறல் பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். எல்லா அறுவையும் இழைப்பும் வெள்ளி சாயங்காலத்தோடு முடியணும், அப்போதே பட்டறையைக் கூட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிடுங்கள்.

சனிக்கிழமை பாலிஷுக்கு மட்டும். காலையில் மரத்தின் துளைகளை அடைக்கிற சீலர், காய்ந்ததும் 320 உப்புத்தாள், மறுபடி ஒரு கை சீலர், மாலையில் கடைசிக் கை. ஞாயிறு பட்டறை பூட்டிக் கிடக்கும், தூசி கிளம்பாது, சாமான் நிம்மதியாகக் காயும். இதற்காகவே நான் சனிக்கிழமை டெலிவரி ஒத்துக்கொள்வதில்லை, சனிக்கிழமை புதுச் சாமான் வீட்டுக்கு வேண்டாம் என்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் என்பதால் யாரும் வற்புறுத்துவதும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தால் மட்டும் கடைசிக் கையைத் தள்ளிப்போடுங்கள். தின்னரும் ஸ்பிரிட்டும் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கிற ஈரம் அதில் படியும், பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. முன்பணம் மரத்துக்கும் கீல், தாழ்ப்பாள் செலவுக்கும் குறையாமல் இருக்கணும், கூலி நம் கையைக் கடித்தாலும் மரம் கடிக்கக் கூடாது. எழுதிக் கொடுக்கிற சீட்டில் மரத்தின் பெயரோடு அறுத்த அளவா இழைத்த அளவா என்பதையும் எழுதுங்கள். மூன்று இன்ச் சட்டம் இழைத்தபின் இரண்டே முக்கால்தான் நிற்கும், இதை முதலிலேயே சொல்லாமல் விட்டால் வீட்டுக்காரர் டேப்போடு வந்து நிற்பார்.