டிவைஸ் ட்ரீ கோப்பில் 32-ஐக் கழித்தீர்களா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் பலகையும் செயலியுமாகக் காலம் தள்ளும் நம்மவர்களுக்காக இது. பலகையில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்வதுதான் டிவைஸ் ட்ரீ கோப்பு. அதைச் சரிபார்க்கும்போது முதலில் இன்டரப்ட் எண்ணை, அதாவது ஒரு சாதனம் செயலியைக் கூப்பிடும் குறுக்கீட்டுச் சைகையின் எண்ணைப் பாருங்கள். உதாரணமாக, ஆர்ம் செயலியின் கையேட்டில் 72 என்று இருக்கும். இன்டரப்டுகளை நிர்வகிக்கும் ஆர்மின் ஜிஐசி கட்டுப்படுத்தியில் பகிர்வு இன்டரப்டுகள் (எல்லாக் கோர்களுக்கும் பொதுவானவை) 32-இல் தொடங்குகின்றன. கோப்பிலோ அவற்றை 0-இலிருந்து எண்ணுவார்கள். ஆகவே எழுத வேண்டியது 40. சில கையேடுகள் முன்பே கழித்துவிட்டு அச்சிடுகின்றன, அதுதான் வம்பு. பகிர்வு இன்டரப்டு அட்டவணையின் முதல் வரிசை எண் 0-வா, 32-வா என்று பார்த்தால் விளங்கிவிடும். இதைக் கவனிக்காமல் ஒரு சீரியல் போர்ட் ஏன் ஊமையாகக் கிடக்கிறது என்று நான் இரண்டு நாள் தேடினேன். தே தாரேக் ஆறியதுதான் மிச்சம்.

கோப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் விவரிக்கும் பகுதிதான் முனை. அதன் பெயரில் @ குறிக்குப் பின் வரும் முகவரி, சாதனத்தின் முகவரியைச் சொல்லும் ‘ரெக்’ வரியின் முதல் முகவரியோடு பொருந்த வேண்டும். வேறொரு முனையை நகலெடுத்து ஒட்டியவர்கள் இங்கேதான் பிடிபடுவார்கள்.

மூலக்கோப்பை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே சேர்க்கப்பட்ட கோப்பில் ஒரு சாதனம் ‘டிஸேபிள்ட்’ (முடக்கப்பட்டது) என்று இருப்பதைப் பலகையின் கோப்பு மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். தொகுத்த டிடிபி கோப்பை (மூலக்கோப்பின் இருமவடிவம்) டிடிசி என்னும் டிவைஸ் ட்ரீ தொகுப்பிக் கருவியால் மீண்டும் உரையாக்கி, முந்தைய தொகுப்பின் உரையோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.