பழைய ஹைலக்ஸுக்குக் கை லொக் ஹப் போடுவது எப்படி?

மணற்காட்டு மணலில் வண்டி புதைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் வெளியே எடுக்கவேண்டும். ஹப் என்பது முன்சில்லின் நடுவில் இருந்து சில்லை அச்சோடு பிணைக்கும் பாகம். அதைத் தானாகவே செய்யும் ஓட்டோ ஹப் உள்ள பழைய டபுள் கப் ஹைலக்ஸ் அந்த இடத்தில்தான் காலைவாரும். பின்னுக்கு எடுத்ததும் ஹப் லொக்கை விட்டுவிடும். திரும்பப் பிடிப்பதற்குள் பின்சில்லுகள் இன்னும் ஒரு சாண் தோண்டிவிடும். கையால் திருப்பும் ஹப் அப்படி இல்லை. லொக்கில் வைத்தால், நீங்களே மாற்றும்வரை முன்சில்லும் அச்சும் சேர்ந்தே சுற்றும்.

வாங்கும்போது வண்டியின் மொடலையும் அச்சில் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் ஒத்துப்பாருங்கள். பெயர் தெரியாத புது ஹப்பைவிட, பல் தேயாத பழைய ஐசின் (ஜப்பான் கம்பனி) ஹப்பைத்தான் நான் எடுப்பேன். இரண்டு பக்கத்துக்கும் புதுக் கஸ்கெற் (இடையில் வைக்கும் கசிவுத்தடுப்புத் தகடு) கட்டாயம்.

சரி, வேலைக்கு வருவோம். பின்சில்லுகளுக்குக் கல் வையுங்கள். வளவு மண்ணில் ஜக் இறங்கும், அடியில் தடித்த பலகை போட்டு முன்சில்லைத் தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல், வண்டியைத் தாங்கும் ஸ்ராண்டும் வையுங்கள்.

ஹப் மூடியின் 6 போல்ற்றுகளைக் கழற்றினால் நடுவில் அச்சின் நுனியும் அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற வளையக் கிளிப்பும் தெரியும். அச்சு நுனியில் உள்ள துளையில் 8 மில்லிமீற்றர் போல்ற் ஒன்றை முறுக்கி, உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சர்க்ளிப்பை எடுங்கள். இழுக்காவிட்டால் அது அசையாது.

அடுத்தது, புதியவர்கள் பொறுமை இழக்கும் இடம். ஹப்பைச் சுற்றியுள்ள 6 நட்டுகளுக்கும் அடியில் கூம்பு வாஷர்கள் இறுகிக் கிடக்கும். உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். ஸ்குறூ ட்றைவரால் நெம்பாதீர்கள், ஹப்பின் விளிம்பு உடையும். நட்டை முழுவதும் கழற்றாமல் ஸ்ரட்டின் நுனியோடு சமமாக விடுங்கள். அதன்மேல் பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. ‘டிக்’ என்று வாஷர் துள்ளும். ஆறையும் இப்படி விடுவித்தால் ஹப் கையோடு வரும். ஓட்டோ ஹப் என்றால் அதன் பின்னால் அச்சில் இருக்கும் பாகத்தையும் பாருங்கள். புது ஹப்போடு அந்த இடத்துக்கென்று தனி நட், வாஷர் வந்திருந்தால், பழையவற்றுக்குப் பதில் அவற்றையே போடவேண்டும்.

புது ஹப்பின் உட்புறத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பற்களில் மெல்லிய பூச்சாக மட்டும் கிறீஸ் தடவுங்கள். ஹப்பை நிரப்பிவிட்டால் உள்ளே வழுக்கி நகரவேண்டிய பல்வளையம் நகராது; லொக் விழாது. ‘நிறையப் போட்டால் நல்லது’ என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

பூட்டும்போது கஸ்கெற், ஹப், கூம்பு வாஷர், நட் என்ற ஒழுங்கு. நட்டுகளுக்கு 31 நியூட்டன் மீற்றர் இறுக்கம். சர்க்ளிப்பைப் போட்டபின் மூடியின் திருகை ஃபிறீயில் (லொக் விடுபட்ட நிலையில்) வைத்து, அதன் சின்னக் காதுகள் பற்கள் இல்லாத இடைவெளியில் விழும்படி பொருத்துங்கள். மூடிப் போல்ற்றுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும். அதற்குமேல் போனால் மரை போய்விடும்.

சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஃபிறீயில் உள்ளச்சு நிற்கவேண்டும், லொக்கில் கூடவே சுற்றவேண்டும். அப்புறம் மற்றப் பக்கம். ஓடும்போது இரண்டு ஹப்பும் எப்போதும் ஒரே நிலையில் இருக்கட்டும்.

கடல்நீரில் இறங்கிய வண்டி என்றால் சில நாளில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிறீஸ் பால்நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கே கழுவி, புதுக் கஸ்கெற்றோடு பூட்டுங்கள்.