மருந்து வாங்கித் தரும் தன்னார்வலர்களுக்கு: அட்டையின் படத்தைக் கேளுங்கள்

கொரோனா ஊரடங்கு போன்ற நாட்களில் தெருவில் உள்ள பெரியவர்களுக்கு மருந்து வாங்கித் தருகிறீர்கள் என்றால், பெயரைப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் 20, 40, 80 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினில் சாதாரண வகையும் உண்டு, மெதுவாகக் கரையும் 'எஸ்ஆர்' வகையும் உண்டு. இதெல்லாம் போனில் சொல்லும்போது விட்டுப்போகும், படத்தில் போகாது. கேட்ட கம்பெனி மருந்து கடையில் இல்லாவிட்டாலும், அட்டையில் உள்ள மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மருந்தின் பொதுப்பெயர்) வைத்து மருந்தாளுநர் இணையான மருந்தைச் சொல்வார். வாங்கும் முன் அவர்களுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் காலி அட்டையைக் கவரில் போட்டு கேட்டில் மாட்டி வைத்தால் போதும்.

தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு இது உதவாது, டாக்டர் சீட்டு கட்டாயம். இன்சுலினுக்கும் குப்பியின் படம் மட்டும் போதாது: ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்தி உண்டு, சிரிஞ்சும் அதற்குப் பொருந்த வேண்டும். சிரிஞ்சின் படத்தையும் சேர்த்து வாங்குங்கள், அப்புறம் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோய்ச் சேருங்கள்.