ஆய்வுக் கேள்விக்கு மார்க் போடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

மாணவர்களிடம் ஒரு தரவு அட்டவணையைக் கொடுத்து "இதை வைத்து ஓர் ஆய்வுக் கேள்வி எழுதுங்கள்" என்று சொல்லிவிடலாம், வந்த கேள்விகளுக்கு மார்க் போட உட்காரும்போதுதான் திணறல். நானும் பல வருடம் தப்பாகத்தான் போட்டேன். வழக்கமாக நான் கொடுப்பது பென்குயின் தரவு. அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளந்த 344 பறவைகள், 3 இனம் (அடேலி, ஜென்டூ உட்பட), 3 தீவு, அப்புறம் அலகு, துடுப்பு, எடை, ஆணா பெண்ணா என்ற விவரம்.

முதல் சறுக்கல், நடையழகில் மயங்குவது. "பருவநிலை மாற்றம் பென்குயின்களின் வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது?" என்று பார்த்ததும் நமக்குக் குஷி. அந்த அட்டவணையில் வெப்பநிலை பற்றி ஒரு எண்கூடக் கிடையாது, மூன்றே வருடத் தரவு வேறு. "ஜென்டூவில் ஆண் பெண்ணைவிட எவ்வளவு எடை கூட, எல்லாமே அப்படியா இல்ல கலந்து கிடக்கா?" என்று கொச்சையாக எழுதியவருக்குப் பாதி மார்க்! யாரை, எதை அளந்து, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதெல்லாம் அவர் கேள்வியில்தான் இருக்கிறது.

"மிகக் கனமான பென்குயின் எது?" என்பதையும் ஆய்வுக் கேள்வியாக ஏற்றுக்கொள்கிறோம். எடைவாரியாக வரிசைப்படுத்தினால் ஒரு நொடியில் விடை, அவ்வளவுதான்.

சிக்கலான இடம் இது: "தீவுக்குத் தீவு எடை மாறுகிறதா?" பார்க்க அம்சமான கேள்வி, முழு மார்க் போடத் தோன்றும். ஆனால் உடம்பு பெருத்த ஜென்டூ 124-ம் பிஸ்கோ தீவில்தான் இருக்கின்றன, மற்ற இரண்டு தீவுகளில் ஒன்றுகூட இல்லை. ஆக, தீவின் வித்தியாசம் என்று தெரிவது பெரும்பாலும் இனத்தின் வித்தியாசம். இதற்காக மார்க்கைக் குறைப்பதும் தவறு என்பேன். "எந்தத் தீவில் எந்த இனம், எண்ணிப் பாரு" என்று திருப்பிக் கொடுத்தால், கெட்டிக்காரப் பெண் ஒருத்தி "அடேலி மட்டும்தான் மூன்று தீவிலும் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று வருவாள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மார்க் போட வேண்டும். ஒரே தடவை வாங்கி, திருத்தி, மூடி வைத்தால் இந்தத் திறமை நம் கண்ணில் படவே படாது.

சரி, அவள் கணக்குப் போடுகிறாள். அடேலியின் சராசரி எடை மூன்று தீவிலும் 3,700 கிராமை ஒட்டியே நிற்கிறது. முடிவு சப்பென்று இருக்கிறதே என்று அங்கே மார்க்கை வெட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் கேள்விக்கு மார்க் போட்டுவிட்டுத்தான் விடைப் பக்கத்தைத் திறக்கிறேன்.