நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு ஏழு கச்சான் எடுக்கத் தெரியுமா?

1 முதல் 100 வரை மூச்சுவிடாமல் சொல்லும் நாலு வயதுப் பிள்ளையிடம் "ஏழு கச்சான் எடுத்துத் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரு பிடி அள்ளித்தான் தருவார்கள். எண்களை ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு. அதனால் நேசரிப் பிள்ளை என்றால் கொப்பியையும் பென்சிலையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள், கொழும்பு வெள்ளவத்தை மாடி வீட்டில் இருக்கும் சாமான்களே போதும்.

சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு கோப்பை வைக்கச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. குறைந்தால் "இன்னும் எத்தனை வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், விடையை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் புளியங்கொட்டை. ஐந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒரு பக்கம் நகர்த்தி எண்ண விடுங்கள், நகர்த்தாவிட்டால் ஒரே கொட்டையை இரண்டு தரம் எண்ணிவிடுவார்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஏசாதீர்கள். நீங்கள் எண்ணி, எல்லாவற்றையும் கையால் வளைத்துக் காட்டி "ஐந்து கொட்டை" என்று சொல்லுங்கள், சில நாட்களில் வந்துவிடும். அதே ஐந்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் "இப்ப கூடிட்டுது" என்று பிள்ளை சொல்லக்கூடும். அதுவும் வயதுக்குரியதுதான், ஆறேழு வயதுக்கு முன் நீளமான வரிசை கூடவாகத் தெரிவதை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே காட்டியிருக்கிறார்.

ஐந்தும் நன்றாகப் பிடிபட்ட பிறகு, இரண்டைக் கைக்குள் மறைத்து "எத்தனை ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் இந்த விளையாட்டிலேயே தொடங்கிவிடும், எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

லிஃப்டில் ஏறும்போது அடுத்த மாடி எது, இறங்கும்போது எது என்று கேட்கலாம். கடற்கரைப் பக்கம் ஓடும் ரயிலின் பெட்டிகளை எண்ணுவது பிறகு, தொட முடியாததை எண்ணுவது சின்னவர்களுக்குக் கஷ்டம். காசையும் பிறகு பார்க்கலாம், ஒரு 5 ரூபாய்க் குற்றி பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றுதான்.

பத்து நிமிடம் போதும், பிள்ளை சலித்தால் அதற்கு முன்பே விட்டுவிடுங்கள். விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள்.